குடிபூரலுக்கு வைத்த உப்பு

தவராசாவுக்குக் குளிரைப் பற்றி எல்லாம் தெரியும். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். எண்பத்தைந்தாம் ஆண்டு மார்கழியில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அரைக்கைச் சட்டையோடு வந்து இறங்கியவர் அவர். அந்தச் சட்டை சொல்லச் சொல்ல மெலிந்துகொண்டே வந்தது. முதலில் அது நல்ல தடித்த துணியாக இருந்தது. பிறகு பழைய பருத்தியானது. அண்மையில் டோர்ட்மண்டில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டு மண்டபத்தில் அதன் மேல் பொத்தான்களும் காணாமற் போயின. அதே மேசையில் இருந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த அவர் மனைவி மகாதேவி, இன்னும் கொஞ்ச வருடத்தில் இந்த மனிதர் வெறும் மேலோடு வந்து இறங்கிவிடுவார் என்று நினைத்தாள்.

"அண்ணை எவ்வளவு அனுபவப்பட்டவர் என்னக்கா," என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"ஓம். அனுபவத்துக்குக் குறைச்சல் இல்லை."

அந்தப் பெண்ணுக்கு அது பாராட்டாகவே கேட்டது. மகாதேவியின் பேச்சு எப்போதும் அப்படித்தான் வெளியே வரும், ஓரங்கள் தெரியாமல். அவள் கணவரோடு சண்டை பிடித்ததில்லை. வெறுக்கவும் இல்லை. வெறுப்பதற்கு எதிரில் கொஞ்சமாவது பாரமான ஒரு ஆள் நிற்க வேண்டும். அவளிடம் இருந்தது இளக்காரம். ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் அவள் நாள் முழுவதும் மடித்து அடுக்கும் விரிப்புகளைப்போல அது அவளுக்குள் ஒழுங்காக, வெள்ளையாக, மூலை மடங்காமல் இருந்தது. தேவைப்படும்போது மேல் விரிப்பை எடுத்தால் போதும். தேடவே வேண்டியதில்லை.

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியான கரவனை வாங்கியதும் அந்த அடுக்கில் ஒரு விரிப்புத்தான். இடுப்பு வலியைக் காட்டித் தொழிற்சாலையிலிருந்து முந்தியே ஓய்வு எடுத்துக்கொண்ட தவராசா, கூட வேலை செய்த ஒரு ஜெர்மன்காரனிடம் அதைப் பழையதாக வாங்கினார். ஊர்ச் சங்கத்தில் கரவன் வைத்திருக்கும் முதல் ஆள் தான்தான் என்பதை அவர் யாருக்கும் மறக்க விடவில்லை. கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசையும் வைத்தார். ஐயர் கரவனைச் சுற்றி வந்து பார்த்தார். எஞ்சின் இல்லை. ஸ்டியரிங் இல்லை. பொட்டை எதன் நெற்றியில் வைப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் அதை இழுத்துக்கொண்டு வந்த சிநேகிதர் முருகேசுவின் காருக்கே பூசை முழுவதும் நடந்தது. எலுமிச்சம்பழம் நசிந்ததும் அந்தக் காரின் சில்லுக்குக் கீழேதான். கரவனுக்கு மிஞ்சிய சந்தனம் கிடைத்தது.

பிறகு அது மோனே ஏரிக்கரையில் ஒரு முகாம் திடலில் நிரந்தரமாகப் போய் நின்றது. "எங்கட ஏரிக்கரை வீடு" என்று தவராசா சொன்னார். கோடையில் நண்பர்களைக் கூட்டிப்போய்க் கோழி சுட்டார். புகை எல்லோருடைய கண்ணுக்குள்ளும் போனது, கோழி உள்ளே இரத்தமாக இருந்தது.

அப்படி ஒரு நாள் எல்லோரும் ஏரியைப் பார்க்கப் போனபோது மகாதேவி தலையிடி என்று சொல்லிக் கரவனுக்குள் இருந்தாள். கதவைச் சாத்தினாள். ஒரு கட்டில், ஒரு மேசை, அதன் இரு பக்கமும் ஒடுங்கிய இருக்கைகள், கையை நீட்டினால் அடுப்பு, மறுபக்கம் நீட்டினால் குழாய். இரண்டு பேர் எழுந்து நின்றால் ஒருவர் மற்றவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்த அளவு அவளுக்குப் பிடித்துப்போனது. இதற்குள் ஒருவர்தான் வாழலாம் என்று நினைத்தாள். நினைத்தபின் அந்த நினைப்பு அவளைவிட்டுப் போகவில்லை.

அடுத்த கோடையில் அவள் தனியாக நடந்துபோய், ஏரிக்கு மேலே இருந்த கிளினிக்கின் கதவைத் தட்டிச் சலவைப் பகுதியில் வேலை இருக்கிறதா என்று கேட்டாள். மார்ச் மாதத்திலிருந்து வரலாம் என்றார்கள். டோர்ட்மண்டிலிருந்து தினமும் போய்வர ஏலாது. கிழமை நாட்களில் கரவனிலேயே தங்கவேண்டி வரும். ஊருக்குச் சொல்ல அதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்? வேறு வீடு வாடகைக்கு எடுத்தால் மண்டபத்துக்கு மண்டபம் கதைப்பார்கள். கரவன் என்றால் "வேலைக்குக் கிட்ட". முதலில் கிழமை நாட்கள், பிறகு சனி, பிறகு ஞாயிறு. யாரும் கவனிக்காத வேகத்தில் ஒரு கலியாணத்திலிருந்து வெளியே நடந்துவிடலாம். தவராசா கவனிப்பார் என்ற பயம் அவளுக்கு இருக்கவில்லை. அவர் தன்னைத் தவிர வேறு எதைக் கவனித்தார்?

போகும்போதெல்லாம் ஒவ்வொரு பொருளாகக் கொண்டுபோனாள். ஒரு சாப்பாட்டுக் கோப்பை. ஒரு தம்ளர். நீலச் சுவெற்றர். அம்மாவின் படம்.

மீதி எல்லாம் கரவன் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவதில் இருந்தது. அது பழசு. தண்ணீர் ஓடும் பாகங்கள் உறைந்து வெடித்தால் மார்ச் மாதத்தில் அதற்குள் மனுசர் இருக்க முடியாது. அதனால் கார்த்திகையில் அவளே அந்த வேலையைச் செய்தாள். கைநூலை வாசித்தாள், வீடியோக்கள் பார்த்தாள். இருக்கைக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தாங்கியைத் திறந்து வடியவிட்டாள். பம்பை வெளியே எடுத்துக் குலுக்கித் துடைத்தாள். குழாய்ப் பிடிகளை மேலே தூக்கி, சுடுதண்ணீருக்கும் பச்சைத்தண்ணீருக்கும் நடுவில் நிறுத்தினாள், இரண்டு பக்கமும் வடியட்டும் என்று. குளிக்கும் பூவாளியைக் கழற்றித் தரையில் போட்டாள். குழாயில் வாயை வைத்து ஊதினாள். கடைசிச் சொட்டுகள் கரவனின் அடியில் விழும் சத்தம் கேட்கும்வரை ஊதினாள்.

தவராசா வெளியே மடிப்புக் கதிரையில் போர்வையோடு இருந்தார்.

"என்ன செய்யிறீர்?"

"தண்ணி இறக்கிறன்."

"முழுக்க இறக்கோணும் எண்டில்லை. கொஞ்சம் கிடந்தா ஒண்டும் செய்யாது. நான் கிழக்கு பெர்லின் குளிரில..."

"காலைத் தூக்குங்கோ. வாளி வைக்கோணும்."

அவர் காலைத் தூக்கினார். அப்போது முருகேசுவிடமிருந்து போன் வந்தது. "ஓமோம், இப்பதான் விண்டருக்கு எல்லாத்தையும் இறக்கிக்கொண்டு நிக்கிறம்," என்றார். அந்த 'நிக்கிறம்' என்ற சொல்லை மகாதேவி வாளியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பற்றைக்குள் ஊற்றினாள்.

கடைசியாக வால்வு. தண்ணீர் சுட வைக்கும் பாய்லருக்குப் பக்கத்தில் மஞ்சள் பொத்தானோடு ஒரு சின்ன வால்வு இருந்தது. குளிர் ஓர் அளவுக்கு மேல் கூடினால் அது யாரையும் கேட்காமல் தானே திறந்து, பாய்லரில் உள்ள தண்ணீரைத் தரைக்குக் கீழே விட்டுவிடும். ஆட்கள் மறப்பார்கள், சோம்பல் படுவார்கள் என்று தெரிந்த யாரோ ஒரு ஜெர்மன்காரன் செய்து வைத்தது. அவன் வீட்டிலும் ஒரு தவராசா இருந்திருக்க வேண்டும் என்று மகாதேவி நினைத்தாள். முன்பின் தெரியாத அந்த ஆள்மேல் அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

"இந்த மஞ்சள் பொத்தானைத் தொடாதேங்கோ," என்றாள்.

"ஏன் தொடப்போறன்," என்றார் அவர்.

அவ்வளவுதான். ஏன் தொடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை. அவருக்கு விளக்கம் சொல்வதை அவள் பல வருடங்களுக்கு முன்பே விட்டிருந்தாள். சொன்னால் பாதியில் தலையாட்டி, மீதியை அவளுக்கே திருப்பிச் சொல்லிக் கொடுப்பார்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஃப்ராவ் ரீடல் போன் எடுத்தாள். திடலில் பக்கத்துக் கரவன்காரி, விதவை. வேலிச் செடியை நூல் பிடித்து வெட்டுகிறவள், மற்றவர்கள் வீட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று திரைச்சீலையை விலக்கிப் பார்க்கிறவள். மகாதேவி அவளுக்கும் மனத்தில் ஒரு விரிப்பு ஒதுக்கி வைத்திருந்தாள்.

"இரண்டு இரவாக மைனஸ் பன்னிரண்டு," என்றாள் ஃப்ராவ் ரீடல் ஜெர்மனில். "உங்கள் தண்ணீரெல்லாம் இறங்கிவிட்டதுதானே? உங்கள் கணவர் புதுவருடத்தன்று வந்திருந்தார். கரவனுக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நல்லது, ஓடட்டும் என்று சொன்னேன். 'யா, யா, அல்லெஸ் குட், எல்லாம் சரி' என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் தண்ணீர் நின்றிருந்தது. அதுதான் எனக்கு யோசனையாகவே இருந்தது."

தவராசா குசினி மேசையில் பாணுக்குச் சம்பல் பூசிக்கொண்டிருந்தார். மகாதேவி போனை வைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"வருசத்தண்டு கரவனுக்குப் போனனீங்களோ?"

"ஓம். முருகேசுவோட, சும்மா ஒருக்கா. ஏன்?"

"தண்ணி விட்டனீங்களோ?"

"விட்டனான். நல்ல நாளில வீட்டைக் காய விடக்கூடாது எல்லோ."

"எவ்வளவு விட்டனீங்கள்?"

"நிறைய. தாங்கி முட்ட. எல்லாக் குழாயும் திறந்து பார்த்தனான், சுடுதண்ணிக் குழாயும் வடிவா ஓடினது. ஆனா கீழ ஒழுக்கு. நீர் சொன்ன அந்த மஞ்சள் பொத்தான் இருக்கெல்லோ, அதுதான் பழுது. அமத்த அமத்த எழும்புது." அவர் பாணை ஒரு கடி கடித்தார். "உடுப்புக் காயப்போடுற கிளிப் ஒண்டை எடுத்து இறுக்கி விட்டன். பிறகு ஒரு சொட்டு ஒழுகேல்லை."

ஒரு பழுதைத் திருத்திய மனிதரின் முகம் அது. மகாதேவி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீரை வெளியே விடுவதற்கென்றே செய்த வால்வு. அது தன் வேலையைச் செய்யப் பார்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து அது செய்வது சரி என்று சாட்சியும் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகும் இவர் அதன் வாயைப் பொத்தி, பாய்லரை நிறைத்து, கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"வெளிக்கிடுங்கோ."

"எங்க?"

"நீங்கள் திருத்தினதைப் பார்க்க."

காரில் அவர் அவளுடைய பேச்சின்மையைக் கொஞ்சத் தூரம் பொறுத்தார். பிறகு ஏலவில்லை.

"உறைஞ்சா என்ன, பிறகு உருகும்தானே."

"ஓம். உருகும்."

"அப்ப ஏன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறீர்?"

"இது என்ர முகம்தான்."

வெளியே வயல்கள் வெளிறிக் கிடந்தன. மகாதேவி அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். தனக்குள் இருப்பது கோபம் என்று நினைத்தாள், ஆனால் அது கோபமாக இருக்கவில்லை, பயம். இத்தனை வருடமும் இந்த மனிதரை இளக்காரமாகப் பார்ப்பது சுலபமாக இருந்ததற்குக் காரணம் அவளுக்கு இப்போது தெரிந்தது. அவளுடைய எதுவும் அவர் கையில் இருக்கவில்லை. வேண்டுவதற்கு ஒன்றும் இல்லாதவர்கள் யாரையும் எவ்வளவும் இளக்காரமாகப் பார்க்கலாம். இப்போது ஒன்று இருந்தது. அதை ஒரு பழைய கரவனுக்குள் கொண்டுபோய் வைத்திருந்தாள். அந்தக் கரவனின் பூட்டுத் திறப்பு அவருடைய சட்டைப்பையிலும் ஒன்று கிடந்தது. அதை அவள் யோசிக்கவே இல்லை. முட்டாள் அவர் மட்டுமில்லை என்ற எண்ணம் வந்தது. அதை உடனே தள்ளிவிட்டாள்.

ஏரியின் ஓரம் உறைந்திருந்தது. ஃப்ராவ் ரீடலின் திரைச்சீலை அசைந்தது.

கரவனுக்குள் வெளியைவிடக் குளிர். யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளை பூத்திருந்தது. மகாதேவி குழாய்ப் பிடியைத் தொட்டாள், அசையவில்லை. குனிந்து பாய்லர்ப் பக்கம் பார்த்தாள். மஞ்சள் பொத்தானை ஒரு பச்சை கிளிப் கவ்விக்கொண்டிருந்தது. அவளுடைய கிளிப்தான். கோடையில் துவாய் காயப்போட அவளே கொண்டுவந்து வைத்தது. கழற்றினாள். பொத்தான் மெல்ல எழும்பியது. ஆனால் ஒரு துளியும் இறங்கவில்லை. உள்ளே எல்லாம் கல்லாகியிருந்தது.

காஸைத் திறந்து ஹீட்டரைக் குறைந்த சூட்டில் வைத்தாள்.

"கூட்டி விடுமன்," என்றார் தவராசா. "கெதியா உருகும்."

"கெதியா உருக்கினா மிச்சமும் வெடிக்கும்."

"இனி என்ன செய்யிறது?"

"இருக்கிறது."

இருந்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவர். கீழே முழங்கால்கள் முட்டின. ஒருவர்தான் வாழலாம் என்று அவள் கண்டுபிடித்த இடத்தில், கோட்டும் தொப்பியுமாக அவரோடு, ஐஸ் உருகும்வரை. இதைவிட ஒரு தண்டனையை அவளால் யோசிக்க முடியவில்லை. அவர் மூச்சு விடும்போதெல்லாம் புகை வந்து அவள் பக்கம் கலைந்தது.

"ஷோனெஃபெல்டில நான் வந்து இறங்கேக்க..."

"தண்ணி உறையேக்க பெருக்கும்," என்றாள் மகாதேவி. "அது தெரியுமோ? ஒருக்கா ஒரு பிறந்தநாளுக்கு சோடாப் போத்தலை ஃபிரீசருக்குள்ள வைச்சு வெடிக்க வைச்சது ஆர்?"

"அது போத்தல் பழுது."

"ஓம். அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னனீங்கள். கோழி சுட்டாக் கோழி பழுது. பெயின்ற் அடிச்சா மதில் பழுது."

அவர் கையுறையைக் கழற்றிக் கையுறையையே பார்த்தார். தேத்தண்ணி போடலாம் என்று மகாதேவி எழுந்தாள். குடிக்க வீட்டிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். தம்ளரை எடுக்க மேல் அலுமாரியைத் திறந்தாள்.

அவளுடைய ஒற்றைக் கோப்பை இருந்தது. அதற்குப் பக்கத்தில் அவள் வைக்காத பொருட்கள் இருந்தன. ஒரு உப்புப் பைக்கற், உடைக்காதது. ஒரு மஞ்சள் துண்டு. ஜாம் போத்தலில் நிறையப் பச்சை அரிசி. வீட்டுச் சாமித்தட்டில் கொஞ்ச நாளாகக் காணாமற் போயிருந்த சின்னப் பித்தளை விளக்கு. திரி கருகியிருந்தது. அம்மாவின் படம் படுத்துக் கிடந்த இடத்தில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"இது என்ன?"

தவராசா யன்னலைப் பார்த்தார். யன்னலில் பார்க்க ஒன்றும் இல்லை.

"குடிபூரலுக்கு வைக்கிறது."

"ஆர் குடிபூருறது?"

"நீர்தான்."

மகாதேவி விளக்கின் கருகிய திரியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கிளினிக்கில இருந்து வீட்டுப் போனுக்கு எடுத்தவங்கள்," என்றார் அவர். "நீர் வேலையில நிண்டனீர். ஃப்ராவ் தவராசா மார்ச்சிலதானே தொடங்கிறா எண்டு கேட்டினம். ஓம் எண்டு சொன்னனான். பிறகு இஞ்ச வந்து பார்த்தன். ஒரு கோப்பை, ஒரு தம்ளர். எனக்கு விசர் எண்டு நீர் நினைக்கலாம். கண் தெரியும் எனக்கு."

மகாதேவி அலுமாரிக் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"இருக்கப்போற வீட்டுக்கு முதல் தண்ணியும் உப்பும் போகோணும். காய்ஞ்சு கிடக்கிற வீட்டில ஒரு பொம்பிளை போய் இருக்கக்கூடாது. அதுதான் நிரப்பினனான்."

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். மனைவி தன்னைவிட்டுப் போகும் வீட்டுக்கு நல்ல நாள் பார்த்து விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, அந்த நிறைகுடத்தாலேயே வீட்டை உடைத்த முட்டாளா இது? அல்லது தண்ணீர் உறைந்தால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, சாத்திரத்தைச் சாட்டிப் பாய்லரை நிரப்பிய கள்ளனா? இத்தனை வருடமும் அந்த முகத்தில் அவளுக்குத் தெரியாத மூலை ஒன்றும் இருக்கவில்லை. இப்போது மேல் விரிப்பை எடுக்கக் கையை நீட்டினாள், எதை எடுப்பது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்லும் மனிதர் இதைக் கிழமைக்கணக்கில் வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். அவள் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டு.

"ஏன் என்னைக் கேக்கேல்லை?"

"கேட்டா சொல்லியிருப்பீரோ?"

அவள் தம்ளரை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீர் எனக்கு எதைத்தான் சொன்னனீர். பொத்தானைத் தொடாதேங்கோ எண்டனீர். ஏன் எண்டு சொல்லேல்லையே."

"சொன்னா விளங்கியிருக்குமோ?"

"தெரியாது," என்றார் தவராசா. "சொல்லிப் பார்த்திருக்கலாம்."

அவர் வாயிலிருந்து சரியான ஒரு வசனத்தைக் கேட்க வேண்டியிருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. தற்செயலாகத்தான் வந்திருக்கும் என்று தீர்மானித்தாள். ஆனால் தீர்மானித்த வேகம் அவளுக்கே பிடிக்கவில்லை. அவள் தேத்தண்ணியை ஊற்றினாள். ஒரு தம்ளர்தான் இருந்தது. அதை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தான் கேத்தலின் மூடியில் ஊற்றிக் குடித்தாள். உபசாரமாகச் செய்யவில்லை. அவர் தம்ளரில் வாய் வைத்தபின் அதில் குடிக்க அவளுக்கு மனம் வராது, அவ்வளவுதான்.

பின்னேரம் ஆகும்போது இருக்கைக்குக் கீழே முதல் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வால்வு வழியாகக் கரவனுக்கு வெளியே விழுகிற சத்தம் இல்லை அது, உள்ளே விழுகிற சத்தம். மகாதேவி இருக்கைப் பலகையைத் தூக்கினாள். பாய்லரின் அடியில், மூட்டு ஓடும் இடத்தில், ஒரு வெடிப்பு விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதன் வழியாகத் தண்ணீர் பொசிந்து தரைவிரிப்பை நோக்கி ஊர்ந்தது. குழாயின் கழுத்திலும் ஒரு கோடு. இறப்பர்க் குழாய்கள் மட்டும் வளைந்து கொடுத்துத் தப்பியிருந்தன.

தவராசா ஒரு துவாயை எடுத்து வெடிப்பின் மேல் அமத்தினார். தண்ணீர் துவாயைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் வந்தது.

"உது திருத்தலாம்," என்றார். "முருகேசுவிட்ட ஒரு பசை கிடக்கு."

"தொடாதேங்கோ," என்றாள் மகாதேவி.

சொன்ன பிறகு நின்றாள். தன் சொல் தன் காதிலேயே விழுந்தது. பிறகு அவருக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "இஞ்ச பாருங்கோ. குளிர் கூடினா இந்த வால்வு தானாத் திறக்கும். திறந்தாத் தண்ணி வெளிய போகும். தண்ணி போனா உறைய ஒண்டும் இல்லை. உறைய ஒண்டும் இல்லையெண்டா வெடிக்க ஒண்டும் இல்லை. அது ஒழுக்கு இல்லை. அதுதான் அதின்ர வேலை. விளங்குதோ?"

அவர் வால்வைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"அதைத்தான் நானும் நினைச்சனான்," என்றார்.

மகாதேவி எழுந்தாள். உலகம் தன் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டதுபோல ஓர் ஆறுதல் அவளுக்கு உண்டானது. அந்த ஆறுதலும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மிச்ச வேலையை அவளே செய்தாள். தாங்கியில் கிடந்ததை வடித்தாள். பம்பைக் கழற்றினாள். இறப்பர்க் குழாய்களை ஊதினாள். கை கழுவும் தொட்டியிலும் குளிக்கும் இடத்திலும் தண்ணீர் போகும் வளைந்த குழாய்கள் இருந்தன. அந்த வளைவுகளில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். ஊதினாலும் போகாது. கார்த்திகையில் அவள் அவற்றுக்குள் விட்டிருந்த உறைதடுப்பு நீரை இவர் குழாயைத் திறந்து கழுவி அனுப்பியிருந்தார். மறுபடி விட இங்கே ஒன்றும் இல்லை. அவள் மேல் அலுமாரியைத் திறந்து உப்புப் பைக்கற்றை எடுத்தாள். பல்லால் கிழித்தாள்.

"அது குடிபூரலுக்கு வைச்ச உப்பு," என்றார் தவராசா.

"ஓம். உப்புத்தண்ணி லேசில உறையாது." கேத்தலில் மிஞ்சிய தண்ணீரை மறுபடி சுடவைத்து அதில் உப்பைக் கரைத்தாள். பாதியைத் தொட்டித் துவாரத்துக்குள் ஊற்றினாள். பாதியைக் குளிக்கும் இடத்தில் ஊற்றினாள். "இப்பதான் உங்கட உப்புக்கு ஒரு வேலை கிடைச்சிருக்கு."

மங்கலமான ஒன்று சாக்கடைத் துவாரத்துக்குள் போவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை. அரிசிப் போத்தலையும் மஞ்சளையும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார், அவள் கை அவற்றிலும் பட்டுவிடும் என்று பயந்தவர்போல.

"நான் மார்ச்சில வாறன்," என்றாள் மகாதேவி. முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

"பாய்லர் இல்லாமலோ?"

"கேத்தல் இருக்கு. குழாய் புதுசு போடலாம். கிளினிக்கில குளிக்க இடம் இருக்கு."

"ஓம்," என்றார். பிறகு அவள் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "சனத்துக்கு என்ன சொல்லுறது?"

எதிர்பார்த்தது வந்ததில் அவளுக்கு ஒரு திருப்தி. "வேலைக்குக் கிட்ட எண்டு சொல்லுங்கோ."

"முருகேசுவுக்கு அப்பிடித்தான் சொல்லிப்போட்டன்."

அவளுடைய பொய் அவளுக்கு முன்பே சங்கத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் மாதக்கணக்கில் மடித்து மடித்து ஒளித்து வைத்த பொய்.

கதவைப் பூட்டும்போது ஃப்ராவ் ரீடல் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். "எல்லாம் சரியா?"

"யா, யா," என்றார் தவராசா. "அல்லெஸ் குட்."

திரும்பி வரும் வழியில் இருட்டத் தொடங்கியது. அவர் வழக்கம்போல வலது கரையைப் பிடித்துக்கொண்டு, லொறிகளுக்கும் வழி விட்டு ஓட்டினார். அடுத்த மண்டபத்தில் இந்தக் கதை எப்படி வரும் என்று மகாதேவிக்கு இப்போதே கேட்டது. மைனஸ் பன்னிரண்டு மைனஸ் இருபதாகும். பாய்லர் அவர் கண் முன்னே வெடிக்கும். அவர் கையாலே பொத்துவார். ஏரிக்கரையில் வேலை கிடைத்த மனைவியைப் பற்றியும் பெருமையாகச் சொல்வார், தானே எடுத்துக் கொடுத்த வேலை மாதிரி. சொல்லட்டும். அங்கே இருந்து ரோல்ஸ் தின்றுகொண்டு கேட்க அவள் இருக்கமாட்டாள். ஆனால் விளக்கைப் பற்றியும், அந்த ஒற்றைக் கோப்பையைப் பற்றியும் சொல்வாரா? அதை மட்டும் யாரும் கேட்டுச் சிரிக்கக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. யாருக்காக அப்படித் தோன்றியது என்று அவள் பார்க்க விரும்பவில்லை.

"உப்புக் கதையை ஆருக்கும் சொல்லாதேங்கோ," என்றாள்.

"என்ன உப்பு?" என்றார் தவராசா.

அவள் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் வீதியைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.